பலகையில் நான்கே காய்கள்

ஹட்டனில் சனிக்கிழமைகளில் சதுரங்கம் கற்பிக்கிறேன். டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். சென்ற மாதம் தரம் 8 மாணவி ஒருத்தியின் முன் ஒரு புதிரை வைத்தேன். கட்டங்களின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, கோட்டை டி5. வெள்ளை நகர்ந்து வெல்ல வேண்டும்.

சிப்பாயை சி7க்குத் தள்ளினாள். என் கோட்டை செக் கொடுக்கக் கொடுக்க ராஜாவை பி5, பி4, பி3 என்று இறக்கி சி2இல் நிறுத்தினாள். நான் கோட்டையை டி4இல் வைத்தேன். கடைசி வரிசையை எட்டும் சிப்பாயை ராணியாகவோ கோட்டை போன்ற வேறு காயாகவோ மாற்றலாம். "ராணி, சேர்!" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் சி8இல் ராணி. கோட்டையை சி4க்கு நகர்த்தி செக் கொடுத்தேன். ராணியால் அதை வெட்டினால் என் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, ஆட்டம் சமன். வெட்டாவிட்டால் ராணி போய்விடும்.

1895இல் கிளாஸ்கோவின் வாரப் பத்திரிகையில் இது வந்தபோதும் 'கறுப்பு சமன் செய்யும்' என்றுதான் அச்சாகியிருந்தது. ராணிக்குப் பதில் கோட்டையாக்கினால் வெற்றி என்று காட்டியவர் அங்கே வாழ்ந்த சாவெத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார். அடுத்து அந்த வெள்ளைக் கோட்டையால் ஏ8இல் மேட், அதாவது ராஜா தப்ப முடியாத செக், வரும். அதைத் தடுக்கக் கறுப்பு தன் கோட்டையை ஏ4இல் குறுக்கே வைத்தாக வேண்டும். வெள்ளை ராஜா பி3க்கு ஏறியதும் அந்தக் கோட்டைக்கும் ஆபத்து, சி1இல் மேட்டும் காத்திருக்கிறது. சதுரங்க உலகில் அவர் பெயர் நிற்பது இந்த ஒரு நகர்வால்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: புதிரோடு கைபேசியையும் கொடுக்காதீர்கள். செயலி ஒரு நொடியில் விடை சொல்லிவிடும். ராணி ஏன் தோற்றது என்பதைப் பிள்ளை முட்டி மோதி அறியும் அந்த இருபது நிமிடம் வீணாகிவிடும். காயைத் தொடாமல், இரு பக்க நகர்வுகளையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எதிராளிக்கு மட்டும் மட்டமான நகர்வுகளாகவே எழுதுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான், நானும் விலக்கல்ல. எழுதி முடித்த பிறகு செயலியைத் திறந்து சரிபார்க்கட்டும்.

புதிர் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. சில காய்களே மிஞ்சும் சாதாரணக் கோட்டை முடிவாட்டமே தெரியாத பிள்ளைக்கு முதலில் அதுதான் வேண்டும். புதிரில் 'வெள்ளை வெல்லும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். போட்டியில் அப்படிச் சொல்ல யாருமில்லை.

மறுவாரம் மாணவியின் கொப்பியைப் பார்த்தேன். 'சி8 ராணி' என்று எழுதி அடித்திருந்தாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, பெரிய காயை விட்டுவிட்டு ஏன் சின்னதை எடுத்தாய் என்று கேட்டாராம். விளக்கி முடிக்கச் சோறு ஆறிவிட்டதாம்.