செம்பை வெட்டினால் அலைவரிசை விரியும்

"பழுதான ரவுட்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஆன்டெனாவே காணோம், பச்சை நிறப் பலகை மட்டும்தான். அப்புறம் எப்படி இத்தனை நாள் வைஃபை வந்தது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஆன்டெனா அந்தப் பலகையிலேயேதான் இருக்கிறது. ஓரத்தில் பாம்பு போல நெளிந்து ஓடும் செம்புக் கோட்டைப் பாருங்கள், அதுதான். சில கருவிகளில் கோட்டுக்குப் பதிலாக ஒரு செம்புச் சதுரம் இருக்கும். அதைப் 'பேட்ச்' என்பார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

கணக்கு எளிது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. பேட்ச்சுக்கு அதில் பாதி வேண்டும். ஆனால் கண்ணாடி இழைப் பலகைக்குள் அலையின் வேகம் பாதிக்கும் கீழே குறைவதால், சுமார் 3 செ.மீ. போதும். சரி, சிறியதாகிவிட்டது. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது.

பேட்ச்சுக்கு அடியில் இன்னொரு செம்புத் தகடு உண்டு. நடுவே இருக்கும் இடைவெளி வழக்கமாக 1.6 மி.மீ. இந்த இடுக்கில் மாட்டிய ஆற்றல் முன்னும் பின்னும் அலைந்து, விளிம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். நல்ல வெண்கல மணியைத் தட்டினால் ஒரே சுரத்தில் நெடுநேரம் ரீங்கரிக்கும் அல்லவா, அதே கதை. ஒரே சுரம் என்றால், வேலை செய்யும் அதிர்வெண்களின் அகலம் குறுகிவிடும். வைஃபையின் 2.4 பட்டைக்கு 83 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். சாதாரண பேட்ச்சுக்கு அதுவே திணறல்.

இடைவெளியைக் கூட்டினால் கசிவு கூடும், அகலமும் கூடும். ஆனால் கீழிருந்து மின்னோட்டத்தைக் கொண்டுவரும் ஊசியும் நீண்டுவிடும். நீண்ட ஊசி ஒரு சுருள் போல நடந்துகொண்டு, வரும் ஆற்றலைத் திருப்பி அனுப்பும்.

1995-இல் ஹுயின், லீ என்ற இருவர் பேட்ச்சின் நடுவே ஆங்கில 'யு' வடிவில் ஒரு பிளவு வெட்டினார்கள். அவ்வளவுதான்! பிளவின் இரு கரைகளும் ஒரு மின்தேக்கியாகி, ஊசியின் சுருள் குணத்தை ஈடுகட்டிவிடுகின்றன. அது மட்டுமல்ல. நேராக ஓடிய மின்னோட்டம் இப்போது பிளவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாதை நீண்டால் அதிர்வெண் இறங்கும். ஆக, ஒரே தகட்டில் இரண்டு சுரங்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்று காட்டும் வரைபடத்தில், ஒற்றைப் பள்ளம் இருந்த இடத்தில் இரண்டு பள்ளங்கள் தெரியும். பிளவின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் மாற்றி, நடுவிலிருக்கும் மேடு மைனஸ் 10 டெசிபெல் கோட்டை (பத்தில் ஒரு பங்கு ஆற்றல் திரும்பும் அளவை) தாண்டாதபடி இரண்டையும் நெருக்கி வைத்தால், இரண்டும் சேர்ந்து ஒரே அகலமான பட்டை. மைய அதிர்வெண்ணில் சில சதவீதமாக இருந்த அகலம், 30 சதவீதத்தைத் தொடும்.

இங்கே ஒரு மனக்குறை. பல ஆய்வுக் கட்டுரைகள் இந்த வரைபடத்தோடு நின்றுவிடுகின்றன. ஆன்டெனாவுக்குப் பதிலாக ஐம்பது ஓம் மின்தடை ஒன்றை மாட்டினாலும் வரைபடம் பிரமாதமாக வரும். எதுவும் திரும்பி வராது, ஆனால் வெளியேயும் போகாது, எல்லாம் சூடாகிவிடும். எவ்வளவு ஆற்றல் காற்றில் ஏறியது என்று அளக்கப் பொதுவாக எதிரொலியற்ற அறை (சுவர்கள் ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பாத அறை) வேண்டும். ஆன்டெனாவைக் கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்கும் மென்பொருள் வாங்கப் பணம் கொடுப்பவர்கள் அந்த அறைக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

வாசகரே, உங்கள் பலகையை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெளிகோடு இருக்கும் மூலையில் மட்டும் வெளிச்சம் ஊடுருவும். பேட்ச்சுக்கு அடியில் தகடு வேண்டும், நெளிகோட்டுக்கு அது ஆகாது. அதனால் அங்கே மட்டும் அடிச்செம்பை வழித்தெடுத்திருப்பார்கள்.