கையெழுத்துக்கு முன் வீட்டில் பேசுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்துப் பிழைப்பவள் நான். நடிக்க வரும் நம் பிள்ளைகள் ஆடிஷனுக்கு அப்படித் தயாராகிறார்கள், ஒப்பந்தம் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இது எனக்குப் பெரிய கவலை.

புரட்டாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நம்மவர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனையோ வீடுகளில் அந்த மாதம் முழுக்க மாமிசம் கிடையாது. கோழி சாப்பிடும் காட்சி வந்தால்? கேமரா ஓடும்போது 'விரதம்' என்றால் யூனிட்டே நிற்கும். முன்பே சொல்லிவிட்டால் தட்டில் சோயா வைத்துவிடுவார்கள். நான் கேட்டபோதெல்லாம் முகம் சுளித்தவர்கள் குறைவு. தைப்பூசக் காவடி, புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா, எதுவானாலும் தேதியை எழுதியே கொடுங்கள்.

முத்தக் காட்சி, உடை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மது விளம்பரத்தில் நான் நடிப்பதில்லை. நல்ல பணம்தான், ஆனால் குடியால் நொந்த வீடுகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவள், என்னால் முடியாது. இன்னொருவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். வீட்டாரோடு பேசி எடுக்கட்டும்.

அப்புறம் பணம். இந்த நாட்டில் நடிகர்கள் பெரும்பாலும் சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். மாதச் சம்பளக்காரருக்குள்ள வேலையின்மைக் காப்பீடோ, சம்பளத்தோடு நோய் விடுப்போ நமக்கில்லை. தொடர் நின்றால் வருமானமும் நிற்கும். அப்போது வாடகை யார் கட்டுவது, இரவுப் படப்பிடிப்பு என்றால் குழந்தையை யார் பார்ப்பது? கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டியது இது. மாமியார் பார்த்துக்கொள்வார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம், அவரையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் காசு வந்ததும் அடுத்த மூன்று மாதச் செலவை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றது.

பிள்ளைகளை நடிக்க அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று. 15 வயதுக்குட்பட்டவரை நடிக்க வைக்கத் அரசின் தொழிலாளர் துறையிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். 2004இல் வந்த தனி விதிகள் வேலை நேரம், ஓய்வு, படிப்பு எல்லாவற்றையும் சொல்கின்றன. அனுமதிச் சீட்டைக் கேட்க வெட்கப்படாதீர்கள். காட்டத் தயங்கினால் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள், எவ்வளவு பெரிய வாய்ப்பானாலும் சரி. நீங்கள் செட்டுக்குப் போக முடியாத நாளில் பிள்ளையோடு யார் இருப்பார் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.