ஃபிசிக்ஸ் மாணவரின் முதல் புல் ரிக்வெஸ்ட்

சேலத்தில் இயற்பியல் படிக்கும் பலர், ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) என்றதுமே "அந்த அளவுக்குக் கோடிங் வராதே" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். விடையைப் பார்த்ததும் "இது இப்படி வரக் கூடாதே" என்று சொல்லத் தெரிந்தால் போதும், முதல் புல் ரிக்வெஸ்டை, அதாவது "என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கையை, அனுப்பத் தொடங்கலாம்.

ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 1,500 மீட்டர். கடல்மட்டத்தின் 101.3 கிலோபாஸ்கலில் தொடங்கி, வெப்பநிலை மாறாது என்று வைத்து ஒரு நிரலில் கணக்கிட்டால், அங்கே காற்றழுத்தம் 85 கிலோபாஸ்கலை ஒட்டி வரும். காற்றின் மோலார் நிறையை 0.029 கிலோகிராம் என்று கொடுப்பதற்குப் பதில் கிராம் கணக்கில் 29 என்று போட்டால், சூத்திரத்தில் உள்ள அடுக்கு ஆயிரம் மடங்காகி விடை கிட்டத்தட்டப் பூஜ்யம். நிரல் ஒரு எச்சரிக்கையும் தராது. ஏற்காட்டில் காற்றே இல்லை என்று சொல்லிவிட்டு அமைதியாக முடிந்துவிடும்.

இதைப் பிடிக்கத்தான் டெஸ்ட்: விடை எதிர்பார்த்ததுதானா என்று சோதிக்கும் சிறு நிரல். முதல் பங்களிப்புக்கும் அதுவே உகந்தது. அதிலும் ஒரு குழி உண்டு. பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையில், இரண்டு எண்கள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் 'ஆல்குளோஸ்', நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 0.00000001 வரை வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. எலக்ட்ரானின் மின்னூட்டமோ 1.6×10⁻¹⁹ கூலும். அங்கே பூஜ்யமே வந்தாலும் டெஸ்ட் பாஸ்! வித்தியாசத்துக்கான அந்த நேரடி வரம்பான 'ஏடால்' மதிப்பை 0 ஆக்கி, விடையின் அளவுக்கேற்ற விகித வரம்பான 'ஆர்டால்' மட்டும் கொடுங்கள். எதிர்பார்க்கும் விடையே பூஜ்யம் என்றால் கதை தலைகீழ்: சைன் பை (sin π) கணினியில் 1.2×10⁻¹⁶ என்று வரும், ஏடால் கொடுக்காமல் தேறாது.

எதில் தொடங்குவது? சாதாரண லேப்டாப் என்றால் சிம்பை என்ற இயற்கணித நூலகம். முழுக்கப் பைத்தான், கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தேவையில்லை; இயந்திரவியல், குவாண்டம், அலகுகள் எல்லாம் அதன் ஃபிசிக்ஸ் பகுதியில் உண்டு. வானியலுக்கான ஆஸ்ட்ரோபையை மூலத்திலிருந்து நிறுவ சி கம்பைலர் வேண்டும். அது அடுத்த கட்டம்.

ஃபோர்க் (திட்டத்தின் நகலை உங்கள் கணக்கில் எடுப்பது), குளோன் (அதை உங்கள் கணினிக்கு இறக்குவது) முடிந்ததும் கட்டாயம் தனி பிராஞ்ச் (மாற்றங்களுக்கான தனிக் கிளை) போடுங்கள். முதன்மைக் கிளையான மாஸ்டரிலேயே வேலை செய்தால், இரண்டாவது புல் ரிக்வெஸ்டில் முதலாவதின் மாற்றங்களும் ஒட்டிக்கொண்டு வரும். திட்டத்தை நடத்துபவர்கள் திருத்தம் கேட்டால் புதிதாக இன்னொன்று திறக்காமல் அதே பிராஞ்சில் புஷ் செய்யுங்கள் (ஏற்றுங்கள்). ஏஐ எழுதித் தந்த, உங்களுக்கே புரியாத வரிகளை அனுப்பாதீர்கள். ரிவியூவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. "ஓப்பன் சோர்ஸ் சர்டிஃபிகேட்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்; மெர்ஜ் ஆன, அதாவது திட்டத்தில் சேர்க்கப்பட்ட, மாற்றம் உங்கள் பெயரோடு எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே இருக்கும்.