ஒருவர் எழுந்தால் நால்வர் நகர்வார்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கமர்ஷியல் பைலட் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்து, முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் தேறி, 200 மணி நேரம் பறந்து முடித்து வாங்கிய லைசென்ஸ் அது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. போன வாரம் அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, பைலட்டுங்க ரிட்டயர் ஆகுற வயசக் கூட்டணும்னு எங்கெங்கயோ பேசுறாங்களாமே. யாரோ ஒரு பெரியவரு வீட்டுக்குப் போறதுக்கும் எம்புள்ளைக்கு வேலை கிடைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

நல்ல கேள்வி. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கான பதில் ஏற்கெனவே தெரியும், தண்ணீர் ரூபத்தில். தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். கால்வாய்த் தண்ணீரில் முதல் குளம் நிறையும். அது நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். அதுவும் பெருகினால்தான் அதற்கடுத்தது. கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் தன் வயலைப் பார்ப்பதைவிட மேல்குளத்து மறுகாலைத்தான் அதிகம் பார்ப்பார்.

விமான நிறுவனத்தில் மேலிருந்து கீழே பாய்வது காலியிடம். போயிங் 777 என்ற பெரிய விமானத்தை ஓட்டும் கேப்டன் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். அவர் இடத்தில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவரை உட்கார வைக்க முடியாது. அதைவிடச் சின்ன விமானமான ஏர்பஸ் 320இன் கேப்டன் ஒருவர் அங்கே போவார். அவர் விட்ட இடத்துக்கு, நம் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்குமே அந்த இறக்கை விசிறி சுழலும் சின்ன விமானம் ஏடிஆர், அதன் கேப்டன் ஒருவர் வருவார். ஏடிஆரின் வலதுபக்க இருக்கையில் இருந்த துணை விமானி இடதுபக்கத்துக்கு மாறி கேப்டன் ஆவார். கடைசியாகக் காலியாகும் அந்த வலதுபக்க இருக்கைதான் எங்கள் தெருப் பையனுக்கு. ஒருவர் எழுந்தார், நால்வர் நகர்ந்தார்கள். எந்த விமானத்திலிருந்து எதற்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். காலியிடம் கீழே இறங்கும் விதம் மாறாது.

யார் நகர்வது என்பதைப் பல நாடுகளில் சீனியாரிட்டிதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் அன்று ஒரு வரிசை எண் தருவார்கள். எந்த விமானம், எந்த ஊர், தீபாவளி மாதிரி நாளில் லீவு கிடைக்குமா என்பது வரைக்கும் அந்த எண்தான். நிறுவனம் மாறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், இருபது வருட அனுபவம் இருந்தாலும் சரி.

இனி ஓய்வு வயதுக்கு வருவோம். வானத்தில் விமானிக்குத் திடீரென்று மாரடைப்போ மயக்கமோ வந்துவிடக்கூடாது என்ற அச்சம்தான் இதன் வேர். அமெரிக்காவில் 1960 முதல் 60 வயதோடு பெரிய விமான நிறுவனங்களில் விமானி வேலை முடிந்தது. 2006 நவம்பரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, இரண்டு விமானிகள் ஓட்டும் பயணிகள் விமானங்களுக்கு இந்த வரம்பை 65 ஆக்கியது. ஒருவர் 60ஐத் தாண்டியவர் என்றால் பக்கத்தில் இருப்பவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த ஜோடி நிபந்தனை 2014இல் போய்விட்டது. 60ஐத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. நம் நாட்டிலும் உச்ச வயது 65தான்.

அமெரிக்கா 2007 டிசம்பர் 13 அன்று சட்டம் போட்டு 65க்கு மாறியது. அதற்கு முந்தின நாள் 60 முடித்தவர் போனவர் போனவர்தான். திரும்பி வந்தாலும் பழைய சீனியாரிட்டி இல்லை, புது ஆளாகத்தான் சேர வேண்டும். ஆனால் அடுத்த நாள் 60 முடித்தவருக்கு இன்னும் ஐந்து வருடம் அதே இருக்கை. ஆக 2012 டிசம்பர் வரைக்கும் வயதைக் காரணம் காட்டி ஏறக்குறைய யாருமே வீட்டுக்குப் போகவில்லை. மேல்குளத்தில் ஐந்து வருடம் மறுகால் இல்லை. நடுவில் 2008இன் பொருளாதாரச் சரிவு வேறு. கீழே இருந்த துணை விமானிகள் அதே இருக்கையில், ஏறக்குறைய அதே சம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் வாலில் இருந்த பலர் வேலையையே இழந்தார்கள்.

இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 25 வயதில் சேர்ந்து 65இல் ஓய்வு பெறும் விமானிகள். இருப்பவர்களில் பாதிப் பேர் கேப்டன்கள். நிறுவனம் வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அப்படியானால் கேப்டன் ஆக 20 வருடம் காத்திருக்க வேண்டும். ஓய்வு வயது 60ஆக இருந்தால் பதினேழரை வருடம். நிரந்தர வித்தியாசம் இரண்டரை வருடம்தான். ஆனால் மாற்றம் நடக்கும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் முழுசாக ஐந்து வருடம் நகராமல் நிற்கிறார்கள். கடைசியில் அந்த ஐந்து வருடம் அவர்களுக்கும் மேல் இருக்கையில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் 64 வயது வரைக்கும் பொறுத்திருக்குமா?

இப்போது அதே நிறுவனம் வருடத்துக்கு 10 சதவீதம் வளர்கிறது என்று மாற்றிப் போடுங்கள். காத்திருப்பு 20 வருடத்திலிருந்து சுமார் 7 வருடமாகக் குறைகிறது. 5 சதவீதம் என்றால் பதினொன்றரை. ஓய்வு வயதைவிட வளர்ச்சிக்கு எவ்வளவு பலம் என்பது இதில் தெரிகிறது. இந்தியாவின் கதை பெரும்பாலும் இதுதான். இண்டிகோ பறக்கத் தொடங்கியதே 2006இல். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இங்கே தண்ணீர் ஓய்வு என்ற மறுகாலிலிருந்து வருவதைவிட, புது விமானம் என்ற மழையிலிருந்துதான் அதிகம் வருகிறது.

மழை பொய்க்கவும் செய்யும். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் என்று ஒவ்வொன்றாகப் பறப்பதை நிறுத்தின. ஒரு குளத்தின் கரை உடைந்தது மாதிரி, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன்களும் துணை விமானிகளும் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தார்கள். 200 மணி நேரக்காரன் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க முடியும்.

சரி, மழையும் பெய்கிறது, மறுகாலும் பாய்கிறது, பிறகு ஏன் தாமதம்? மடை சிறியது. விமானம் மாறும் ஒவ்வொரு விமானிக்கும் டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி வேண்டும். வகுப்பு, தரையிலேயே பறந்து பழகும் சிமுலேட்டர், அதன்பின் பயிற்சி தரும் கேப்டன் பக்கத்தில் இருக்கப் பயணிகளோடு பறத்தல் என்று மாதக்கணக்கில் போகும். அந்த நாட்களில் அவர் நிறுவனத்துக்கு முழு விமானியாக உதவ மாட்டார். மேலே ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே நான்கு பயிற்சிகள். நூறு பேர் பெற்றால் நானூறு. சிமுலேட்டர்களோ கொஞ்சம்தான். இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் மூத்த கேப்டன்கள்தான். 65ஐத் தொட்டு அவர்கள் போகும்போது காலியிடத்தை உண்டாக்குவதோடு, அதை நிரப்பப் பயிற்சி தர வேண்டிய ஆளையும் சேர்த்தே எடுத்துப் போகிறார்கள்.

2020இல் கொரோனா வந்தபோது அமெரிக்க நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே அனுப்பின. இரண்டு வருடத்தில் பயணிகள் திரும்பினார்கள், விமானிகள் திரும்பவில்லை. பெரிய நிறுவனங்கள் சின்ன நிறுவனங்களிடமிருந்து ஆட்களை இழுத்தன. சின்ன நிறுவனங்கள் சின்ன ஊர்களுக்கான விமானங்களை நிறுத்தின. அங்கேயும் காய்ந்தது கடைமடைதான். இங்கே விமானிகள் திடீரென்று வேலையை விட்டுப் போவதைப் பார்த்து, 2017இல் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு விதி கொண்டுவந்தது. வேலையை விட வேண்டுமென்றால் கேப்டன் ஒரு வருடமும் துணை விமானி ஆறு மாதமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாற்காலி காலியாவதைத் தாமதப்படுத்தும் இதுவும் மடையை அடைக்கும் ஒருவிதப் பலகைதான்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பையன் தான் பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கை எடுத்து வந்து காட்டினான். தேதி, விமானத்தின் பதிவெண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், நேரம் என்று ஒவ்வொரு வரியும் நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. லைசென்ஸ் கையில் இருந்தாலும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான ரேட்டிங்கை வருடா வருடம் சோதனைப் பறத்தலில் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் காசுதான். அம்மாவுக்கு அது வீண் செலவாகத் தோன்றியிருக்கிறது. பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவிவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம், நாள் தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும், பிறகு தண்ணீர் வந்தும் நட முடியாது, அது மாதிரிதான் இந்த ரேட்டிங்கும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்து மகனிடம் கொடுத்து, எப்போது போகணும் என்று மட்டும் கேட்டார்.