மெதுவான எலக்ட்ரான் பனியை எப்படி உடைக்கிறது?

நீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிரிக்கச் சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். சரி, 7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓர் எலக்ட்ரானை மோதவிட்டால் பிணைப்பு உடைந்துவிடுமா? வெறும் மோதலால் உடையாது. எலக்ட்ரான் அவ்வளவு இலேசானது. ஹைட்ரஜன் அணுவை அது நேராக இடித்தாலும் தன் ஆற்றலில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குமேல் கொடுக்க முடியாது.

ஆனாலும் பிணைப்பு உடைகிறது. எலக்ட்ரான் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ஒட்டிய கணத்தில் நீர் மூலக்கூறு நிலையற்ற எதிர்மின் அயனியாகிறது. பிணைப்பு தளர்ந்து, எதிர்மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. குறிப்பிட்ட சில ஆற்றல்களில்தான் இது நடக்கும். நீராவியில் சுமார் 6.5, 8.5, 12 எலக்ட்ரான் வோல்ட். பனியில் இவை சற்று நகர்ந்து அகன்றுவிடுகின்றன. வேகம் கூடக் கூடச் சேதமும் கூடும் என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது.

வேகமான கதிர்வீச்சுத் துகள் ஒன்று பொருளுக்குள் பாயும்போது, வழியெங்கும் ஆயிரக்கணக்கில் இப்படி மெதுவான எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகிறது. கதிர்வீச்சு தூண்டும் வேதிவினைகளில் பெரும்பங்கு இவற்றின் கைவேலை. அதனால்தான் இவற்றைத் தனியே பிரித்து ஆராய்கிறார்கள்.

அதற்கு மிகக் குளிர்ந்த பிளாட்டினத் தகட்டை உயர்வெற்றிடத்தில் வைத்து, நீராவியை அதன்மேல் படியவிடுகிறார்கள். எத்தனை மூலக்கூறு அடுக்கு என்று எண்ணி வைத்ததுபோலப் பனி வளரும். உலோகத்தைத் தொட்டிருக்கும் மூலக்கூறு ஆற்றலைப் பெற்றாலும், உலோகம் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அப்படியானால் அடியடுக்கில் ஒன்றும் நடக்காது என்றுதான் எண்ணத் தோன்றும்.

அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2003-இல் வெளியானது. பனிமேல் மோதவிட்ட எலக்ட்ரான்கள் 100 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியவை, அதாவது மேலே சொன்னவற்றைவிட வேகமானவை. சாதாரணப் பனிக்குள் கன நீரால் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் எடை கூடிய கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) ஆன மெல்லிய அடுக்கு ஒன்றைச் செருகினார்கள். அந்த அடுக்கிலிருந்து கன ஹைட்ரஜன் வந்தால், வினை எந்த ஆழத்தில் நடந்தது என்று தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. அடுக்கு நடுவில் இருந்தபோது அது பெரிதாக வரவில்லை. பனியின் மேல்விளிம்பில் வைத்தபோது வந்தது. அப்புறம், பிளாட்டினத்தை ஒட்டி வைத்தபோதும் வந்தது! எலக்ட்ரான் ஆற்றலைக் கொட்டியது படலத்தின் உள்ளே. அந்த ஆற்றல் மூலக்கூறுக்கு மூலக்கூறு கைமாறி இரு ஓரங்களுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே ஹைட்ரஜன் வாயு உருவாகியிருக்கிறது.