போலந்து ஓய்வூதியம்: மொத்தமும் ஒரு வகுத்தல் கணக்கு

போலந்தில் ஒருவருக்கு எவ்வளவு பென்ஷன் வரும்? அவர் பேரில் சேர்ந்த தொகையை, ஓய்வுபெறும் வயதுக்குப் பிறகு சராசரியாக எத்தனை மாதம் வாழ்வார் என்று புள்ளியியல் துறை அட்டவணை சொல்கிறதோ, அதால் வகுத்தால் போதும். கம்யூனிச காலத்திலிருந்து வந்த பழைய முறையில் சம்பளமும் சர்வீஸும்தான் கணக்கு. 1999 ஜனவரி 1 முதல், 1949-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வகுத்தல் கணக்குப் புது முறைதான்.

சம்பளத்தில் 19.52% சந்தா, தொழிலாளி பாதி, முதலாளி பாதி. அதிலிருந்து சம்பளத்தின் 7.3% அளவு தனியார் ஓய்வூதிய நிதிகளுக்குப் போனது. வயதான தம்பதிகள் கடற்கரையில் பனைமர நிழலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி விளம்பரமெல்லாம் வந்தது. ஆனால் இப்போதைய முதியவர்களுக்குப் பென்ஷன் போவதும் இந்தச் சந்தாவிலிருந்துதான், அந்தப் பணம் வெளியே போய்விட்டால் அவர்களுக்கு யார் கொடுப்பது? அரசு கடன் பத்திரம் போட்டது, அதை அதே தனியார் நிதிகளே வாங்கின. கடைசியில் 2011-ல் 7.3% என்பது 2.3% ஆனது. 2014 பிப்ரவரியில் அந்த நிதிகளின் சொத்தில் 51.5%, பெரும்பாலும் அந்தப் பத்திரங்கள்தான், அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டு ரத்தாயின. அதற்குப் பதிலாக அந்த நிறுவனத்தில் உறுப்பினர் கணக்கில் எண் மட்டும் ஏறியது.

சரி, இதில் அதிகம் அடிவாங்குவது பெண்கள். ஓய்வு வயது அவர்களுக்கு 60, ஆண்களுக்கு 65. அட்டவணை இருவருக்கும் ஒன்றுதான். கணக்கில் 5,28,000 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) இருக்கிறது என்று வையுங்கள். 60 வயதில் சுமார் 264 மாதத்தால் வகுத்தால் மாதம் 2,000. 65 வயதில் சுமார் 220 மாதம், ஆக 2,400. அந்த ஐந்து வருடச் சந்தாவும் வட்டி மாதிரி ஏறுவதும் இதில் சேரவே இல்லை. இரு பாலருக்கும் 67 ஆக்க 2012-ல் சட்டம் போட்டார்கள், 2017 அக்டோபரில் பழையபடி இறக்கிவிட்டார்கள். ஜனங்களுக்குச் சந்தோஷம்தான், வகுத்தல் கணக்கு மட்டும் மாறவில்லை.

குறைந்தபட்ச பென்ஷன் உத்தரவாதம் உண்டு, ஆனால் பெண்ணுக்கு 20 வருடம், ஆணுக்கு 25 வருடம் சர்வீஸ் வேண்டும். அது இல்லாதவருக்குக் கணக்கில் வருவது எவ்வளவோ அவ்வளவே. மாதம் சில காசு மட்டும் வாங்குகிறவர்கள்கூட இருக்கிறார்கள். சந்தா பிடிக்காத ஒப்பந்த வேலைகளில் இருக்கிற இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாகத் தரும் 13-வது, 14-வது மாத பென்ஷன் இப்போது நிரந்தரம்தான், ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை வருவது மாதச் செலவுக்கு உதவாது.

2019-ல் வந்த ஊழியர் சேமிப்புத் திட்டம் வேறு: ஊழியர் 2%, முதலாளி 1.5%, அரசு வருடம் 240 ஸ்லோட்டி. தானாகவே சேர்த்துவிடுவார்கள். வேண்டாமென்றால் எழுதிக்கொடுக்கலாம், ஆனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதிக்கொடுக்க வேண்டும்.