புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் சாகின்றன?

"புதுத் தொட்டி வாங்கி ஒரே நாளில் பத்து மீன் விட்டோம். தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. நான்காம் நாளிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்துப்போகின்றன. என்ன மருந்து போடலாம்?" சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் மீன் வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மருந்து எதுவும் வேண்டாம். அந்த மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறுகின்றன.

நம் உடல் புரதக் கழிவை யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. மீன் அந்த வேலையை வைத்துக்கொள்வதில்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியே நேராகத் தண்ணீரில் விட்டுவிடும். ஏரியில் அது கலைந்துபோகும். 40 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக்கிடம் ஏது? தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. அதனால்தான் தண்ணீர் சுத்தமாகத் தெரிகிறது.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் மீனை அதிகம் படுத்தாது. மின்னூட்டம் இல்லாத அம்மோனியா செவுளைத் தாண்டி உள்ளே போய்விடும், அதுதான் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் pH, அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, பெரிதும் தீர்மானிக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், pH 7 என்றால் நச்சு வடிவம் 100-இல் ஒரு பங்குகூட இராது. pH 8 ஆனால் 6, 7 பங்காகிவிடும். ஒரே தீனி, ஒரே மீன், ஆனால் pH கூடிய போர் தண்ணீர் ஊற்றிய வீட்டில் மட்டும் மீன்கள் வேகமாகச் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பழைய தொட்டியில் மட்டும் மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன? அங்கே அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கின்றன. 1890-ஐ ஒட்டி, சூரிச் நகரில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்தார். அவரால் அதைச் செய்ய முடிந்ததே ஓர் அதிசயம். அந்தக் காலத்தில் பாக்டீரியாவை வளர்க்க ஜெலட்டின் போன்ற சத்தான கூழைப் பயன்படுத்துவார்கள். இவை அதில் வளரவே இல்லை. வினோகிராட்ஸ்கி சத்தே இல்லாத சிலிக்காக் கூழை வைத்தார், வளர்ந்தன! அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரிப்பதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, கரைந்துள்ள கரியமில வாயுவிலிருந்து தம் உடலைத் தாமே கட்டிக்கொள்ளும் உயிர்கள் இவை. தாவரம் வெயிலைக் கொண்டு செய்வதை, வெயிலே இல்லாமல், மீன் கழிவைக் கொண்டு செய்கின்றன. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அந்த நைட்ரைட்டை இன்னொரு கூட்டம் தின்று நைட்ரேட்டாக்கும். இடையில் வரும் நைட்ரைட்டும் கொடியதுதான். செவுளில் குளோரைடை உள்ளே இழுக்கும் வாசல் நைட்ரைட்டையும் உள்ளே விட்டுவிடுகிறது. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும், ரத்தம் பழுப்பேறும். ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனாலும்தான். கொஞ்சம் கல்லுப்பு போட்டால் பலன் இருப்பதற்கும் காரணம் அந்த வாசல்தான்: உப்பிலுள்ள குளோரைடு முண்டியடித்து உள்ளே நுழைய, நைட்ரைட் வெளியே நிற்கும்.

இரண்டு கூட்டமும் ஏன் தேவை, ஒரே உயிர் முழு வேலையையும் செய்யக் கூடாதா என்ற கேள்வி நூறாண்டுக்கு மேல் நின்றது. அப்படி ஓர் உயிர் இருந்தால், அது மெதுவாக வளர்ந்து, குறைந்த தீனியில், பரப்புகளில் ஒட்டிக் கூட்டமாக வாழும் என்று 2006-இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2015-இல் அது கிடைத்தது. வியன்னாவைச் சேர்ந்த குழுவுக்கு எண்ணெய்க் கிணறு ஒன்றின் வெந்நீர்க் குழாயில், நெதர்லாந்துக் குழுவுக்கு மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில்! உலகத்தின் நைட்ரஜன் சுழற்சியைத் திருத்தி எழுத வைத்த உயிர் மீன் வடிகட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் மீன்வளக் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு ஆய்வு நிதி கொடுத்து, கொளத்தூர்க் கடைகளின் வடிகட்டி ஸ்பாஞ்சுகளில் என்ன வாழ்கிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். உடனடி லாபம் என்ன என்று கேட்டே நாம் இப்படிப்பட்ட கேள்விகளைக் கொன்றுவிடுகிறோம்.

இந்த நுண்ணுயிர்கள் பெருகுவது மெதுவாகத்தான். நல்ல தீனி கிடைத்தால் குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும், இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ, சிலவற்றுக்கு அதற்கும் மேலோ ஆகும். ஆகவே தொட்டி பழக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் சாகும் மீனைப் பார்த்து, "வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது" என்று ஆறுதல் சொல்கிறார்கள். வாஸ்து மீன் என்று அரவானாவை விற்பவர்களுக்கு வசதியான பேச்சு அது. எனக்கு இதில் கோபமே வருகிறது. தடுத்திருக்கக்கூடிய சாவை நல்ல சகுனமாக்கினால், அடுத்த மீனும் அதே தண்ணீரில்தான் சாகும்.

வாரந்தோறும் தொட்டியைக் காலிசெய்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவும் வழக்கமும் இப்படித்தான். நுண்ணுயிர்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும். தேய்த்தால் போய்விடும், குழாய்நீரின் குளோரின் மிச்சத்தைக் கொல்லும். தொட்டி மறுபடி கிட்டத்தட்ட முதல் நாளுக்குத் திரும்பிவிடும். கடையில் கொடுக்கும் நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, இவற்றையும் பாதிக்கும்.

வாசகர் இன்றே செய்யவேண்டியது: மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் விட்டு, அதன் சூடு தொட்டிநீரின் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். ஃபில்டரை இரவிலும் அணைக்காதீர்கள், அந்த நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். நெடுநாள் நோயில்லாமல் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள், வாரக்கணக்கான காத்திருப்பு குறையும். பரிசோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் ஏறினால் தொட்டி தயார். அப்போது இரண்டு கப்பி மீன் விடலாம், ஒரு வாரம் கழித்து, மறுபடி சோதித்துவிட்டு, இன்னும் இரண்டு. கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு விடும், பெரிதாக வளரும். 40 லிட்டர் அதற்குப் போதாது.